தம்பிக்காகக் காத்த குளிர்காலம்

அக்டோபர் தொடக்கத்தில் மவ்லூதா தன் குடித்தனத்தில் முக்கால்வாசியை மலையிலிருந்து இறக்கிவிட்டாள். பஞ்சு மெத்தைகள், தையல் மெஷின், கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கிண்ணங்கள், மகள் சரோஸ் படுத்து வளர்ந்த மரத்தொட்டில் எல்லாம் மலைக்குச் சாமான் ஏற்றிவரும் நோர்குலின் லாரியில் ஏறி, கீழே கிதோப் நகரத்துக்குப் போயின. அவளும் கணவன் எர்கஷும் பின்னாலேயே இறங்குவதாக ஏற்பாடு. நவம்பரில் பள்ளிகளில் இரண்டாம் பருவம் தொடங்கும்போது, கிதோப்பில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக அவள் சேர வேண்டும். தலைமையாசிரியை வாய்வார்த்தையாகச் சரி சொல்லியிருந்தார்.

கைக்குழந்தையோடு அந்த மலைக்கு வந்தவள் அவள். எர்கஷ் அங்கிருந்த வானாய்வு நிலையத்தில் ஜெனரேட்டர் பார்க்கும் மெக்கானிக். சமர்கந்தில் பாதியில் விட்ட இயற்பியல் படிப்போடு சும்மா உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர் இஸாகோவ், எல்லோருக்கும் 'தோம்லா', அதாவது ஆசான், "கணக்கு வருமாம்மா?" என்று கேட்டார். வரும் என்றாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். தபால் வழியில் பட்டத்தை முடிக்க வைத்ததும் அவர்தான். முதலில் கணக்கு, பிறகு கேமரா, பிறகு தொலைநோக்கியே அவள் கைக்கு வந்தது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவன் மாஸ்கோ போனான். ஒருவன் ஷஹ்ரிசப்ஸில் டாக்சி ஓட்டினான். கடைசியாக மிஞ்சிய ஜஹோங்கிரும் அந்தக் கோடையில் கொரியாவுக்கு விசா கிடைத்துப் போய்விட்டான்.

மலையில் பள்ளிக்கூடம் இல்லை. அதனால் ஏழு வயதில் சரோஸைக் கிதோப்பில் எர்கஷின் அக்கா ஸலோமத் வீட்டில் விட்டார்கள். பிள்ளை இல்லாத வீடு. அங்கே பெண் நன்றாகத்தான் வளர்ந்தாள். இப்போது பதின்மூன்று வயது. மவ்லூதா இறங்க நினைத்ததற்குக் காரணம் அந்தப் பெண்தான். பள்ளி வேலை கிடைத்தது ஒரு சாக்கு.

லாரி போன மூன்றாம் நாள் விடியற்காலையில் எடுத்த படங்களை அவள் காலையில் உட்கார்ந்து அளந்தாள். அளந்ததை நம்பாமல் மறுபடி அளந்தாள். பிறகு சமையலறைக்குப் போய் எர்கஷிடம் சொன்னாள்.

"அண்ணன் எகிறிட்டான்."

எர்கஷ் ரொட்டியைத் தேநீரில் நனைத்தபடி, "எவ்வளவு?" என்றான்.

"இத்தனை வருஷத்துல பாக்காத அளவு."

அண்ணன், தம்பி என்ற பெயர்களை வைத்தது சமையல்காரர் குலாம். வானத்தில் மிக மிகத் தொலைவில் குவேஸர் ஒன்று இருந்தது. ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் கொழுந்துவிட்டு எரியும் ஒளிப்புள்ளி. அதற்கும் நமக்கும் இடையில் வேறொரு விண்மீன் மண்டலம் குறுக்கே நின்றது. அதன் ஈர்ப்பு, ஒளியை வளைத்து இரண்டு வழியாகப் பிரித்து அனுப்பியது. அதனால் இருப்பது ஒன்று, தெரிவது இரண்டு. இரண்டு வழியும் ஒரே நீளம் கிடையாது. குவேஸர் இன்றைக்குக் கொஞ்சம் பிரகாசமானால், ஒரு படத்தில் அது முதலில் தெரியும். மற்றதில் சில மாதம் கழித்துத் தெரியும். அந்த இடைவெளி எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டால், பிரபஞ்சம் என்ன வேகத்தில் விரிகிறது என்பதைக் கணக்குப் போடலாம். மவ்லூதா ஏழு வருஷமாக அளந்துகொண்டிருந்தது இதைத்தான். குலாமுக்கு இதை விளக்கியபோது அவர், "முன்னால போறவன் அண்ணன், பின்னால வர்றவன் தம்பி. இதுக்கு இவ்வளவு கதையா?" என்றார். அதிலிருந்து மலையில் எல்லோருக்கும் அதுதான் பெயர்.

அந்த இடைவெளிதான் பிடிபடாமல் இருந்தது. குவேஸர் பெரிதாக அசைந்து கொடுக்காது. சின்னச் சின்னதாக ஏறும், இறங்கும். கோடையில் சூரியனுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். அந்த ஓட்டைக் கணக்கை வைத்துத் தோம்லாவின் குழு மூன்று மாதம் என்றது. வெளிநாட்டுக் குழு ஒன்று ஏழு மாதம் என்றது. இரண்டு பக்கமும் கட்டுரை எழுதியாயிற்று. இப்போது அண்ணன் எகிறியிருக்கிறான். தோம்லா சொன்னது சரி என்றால், தம்பி ஜனவரி நடுவில் எகிற வேண்டும். மற்றவர்கள் சொன்னது சரி என்றால் மே மாதம். பார்க்க ஆள் இருந்தால் போதும், சண்டை முடிந்துவிடும்.

அன்று மதியமே தாஷ்கண்டிலிருந்து தோம்லா கூப்பிட்டார். தொலைநோக்கிக் கூண்டின் மேற்குப் பக்க இரும்புப் படியில், மேல்படியில் நின்றால்தான் கைப்பேசி எடுக்கும். மவ்லூதா அங்கே காற்றில் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ அனுப்பின படம் பார்த்தேன்மா. அப்பலேர்ந்து ஒரு இடத்துல உக்கார முடியல," என்றார் தோம்லா. "உனக்கு ஸ்கூல் வேலை வந்திருக்குன்னு எனக்குத் தெரியும். போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல."

அவள் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"நானே வந்து உக்காந்துடுவேன். டாக்டர் அந்த உயரத்துக்குப் போனா திரும்பி வரமாட்டீங்கன்னு சொல்லிட்டான். பசங்க யாரைக் கேட்டாலும் குளிர்காலத்துல மலையான்னு ஓடறாங்க. அந்த வெளிநாட்டுக்காரங்க தொலைநோக்கிய இந்த வருஷம் ரிப்பேருக்குக் கழட்டிப் போட்டிருக்காங்க. உன்னை விட்டா ஆளில்ல."

"எத்தனை நாள் தோம்லா?"

"ஜனவரி கடைசி. தம்பிய ஒருதடவ பார்த்துட்டா போதும். பனி வண்டி அனுப்பி உன்னை இறக்கிடறேன். இது என் வாக்கு."

அவர் அதட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் கெஞ்சினார். ஜனவரியில் தொடங்கும் மூன்றாம் பருவத்தில் சேர்ந்துகொள்வதாகப் பள்ளிக்குச் சொன்னாள். தலைமையாசிரியை ஒரு பெருமூச்சு விட்டு, "ஜனவரிக்கு மேல என்னால இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாது" என்றார்.

கடினமான போன் பேச்சு அதற்குப் பிறகுதான் இருந்தது. ஸலோமத் எடுத்தாள்.

"மெத்தை வந்துச்சு, தொட்டில் வந்துச்சு. தம்பி பொண்டாட்டியைக் காணோமே?" என்றாள்.

"ஜனவரில வந்துடறேன் ஓபா," என்றாள் மவ்லூதா. நாத்தனாரை அக்கா என்ற பொருளில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"என்ன ஆச்சு அப்படி?"

"அந்த நட்சத்திரம் திடீர்னு பிரகாசமாயிடுச்சு."

"ஏழு வருஷமா ஒரே நட்சத்திரத்தையா பாக்குற நீ?"

"ஒண்ணு இல்ல ஓபா. ஒண்ணு ரெண்டாத் தெரியுது."

"ரெண்டாத் தெரிஞ்சா கண் டாக்டர்கிட்ட போகணும். மலை மேல எதுக்கு உக்காந்திருக்க?" என்றாள் ஸலோமத். பிறகு குரலைத் தணித்து, "சரி, நான் சரோஸ்கிட்ட சொல்லிக்கறேன். நீ கவலைப்படாத" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் மவ்லூதாவுக்கு உறுத்தியது.

டிசம்பர் முதல் வாரத்தில் பாதை மூடியது. கடைசி லாரியில் மாவு, உருளைக்கிழங்கு, டீசல் வந்து இறங்கின. அதன் பிறகு மலையில் மூன்று பேரும் ஒரு நாயும்தான். ஒரே ஒரு அறையில்தான் அடுப்பு எரிந்தது. மற்ற அறைகளின் கதவை எர்கஷ் கம்பளியால் அடைத்துவிட்டான். சாமானெல்லாம் கீழே போய்விட்டதால் அந்த அறையில் பேசினால் எதிரொலித்தது. இருந்த இரண்டு கிண்ணத்தில் ஒன்று உடைந்தபோது, குலாம் தன் துணிமூட்டைக்குள்ளிருந்து ஒரு தகரக் குவளையை எடுத்துக் கொடுத்தார்.

எர்கஷுக்கு இதெல்லாம் சுகமாக இருந்தது. அவளுக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். காலையில் எழுந்து ஜெனரேட்டரோடு பேசுவான். பனியை வாரிப் பாதை போடுவான். தொலைநோக்கிக் கூண்டின் திறப்பில் பனி உறைந்து இறுகியிருந்தால், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலேறி மரச் சுத்தியலால் தட்டி உடைப்பான். இறங்கி வரும்போது கன்னம் சிவந்து, ஏதோ திருவிழாவுக்குப் போய்வந்தவன் மாதிரி இருப்பான்.

"கீழ போனா என்ன இருக்கு?" என்றான் ஒருநாள். "பக்கத்து வீட்டுக்காரன் டிவி சத்தம்."

"உங்க மக இருக்கா."

"அக்கா பாத்துக்கறா இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன் சரோஸ் அப்பா. உங்க அக்கா பாத்துக்கறாங்க."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அடுப்பில் இன்னொரு கட்டையை வைத்தான்.

வானம் தெளிந்தால் தொலைநோக்கியைத் திறப்பாள். மூடியிருந்தால் தூங்குவாள். பகலில் அளவு எடுப்பாள். சாயங்காலம் இரும்புப் படியேறி மகளைக் கூப்பிடுவாள். சரோஸ் முதலில் நிறையப் பேசினாள். பள்ளியில் நடந்தது, தோழியின் அக்காவுக்குக் கல்யாணம், ஸலோமத் தைத்துக் கொடுத்த கோட்டு. நாளாக ஆக வார்த்தை குறைந்தது. மேல்படியில் நிற்கிறவளுக்குக் காது விறைத்துப்போகும். அந்தப் பக்கம் சூடான வீட்டில் இருக்கிற பெண், என்ன பேசுவது என்று தெரியாமல் "ம்" என்பாள்.

புத்தாண்டுக்கு முந்தின வாரம், நடுப்பேச்சில் சரோஸ், "அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க, வச்சிடட்டுமா?" என்றாள்.

மவ்லூதா, "யாரு?" என்றாள்.

அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"அத்தை," என்றாள் பெண்.

"சரி. போ. ஆறிடும்."

படியை விட்டு இறங்க அவளுக்கு நேரம் பிடித்தது. கால் மரத்துப் போயிருந்ததால்தான் என்று குலாமிடம் சொன்னாள். அவர் ஆட்டுக்கொழுப்பு மிதக்கிற சூப்பை அவள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார். அன்றிலிருந்து அவள் நாள் தவறாமல் கூப்பிடுவதை விட்டாள். வானம் தெளிந்திருக்கிறது, வேலை இருக்கிறது என்பாள். தெளிந்திருந்தது சில நாள்தான்.

ஜனவரி வந்தது. தம்பி எகிற வேண்டிய காலம். அவள் அதற்காக வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம். தம்பி இப்போது எகிறினால் தோம்லா ஜெயிப்பார், பனி வண்டி வரும், பள்ளி கிடைக்கும், பெண் கிடைப்பாள். ஒரு ஒளிப்புள்ளி மூன்று மாதக் கணக்குக்குச் சரியாக வந்து நின்றால் அத்தனையும் நடக்கும்.

"தம்பி என்ன சொல்றான்?" என்று குலாம் தினமும் கேட்பார்.

"அப்படியே இருக்கான்."

"சோம்பேறிப் பய. எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான், எருமைய விட மெதுவா எழுந்திரிப்பான்."

நடு ஜனவரி தாண்டியது. பத்து நாள் விடாமல் பனி கொட்டியது. பிறகு ஒருநாள் வானம் திறந்தது. ஆனால் மேலே காற்று கலங்கிக் கிடந்தது, விண்மீன்களெல்லாம் பஞ்சுப் பொதி மாதிரி உப்பித் தெரிந்தன. மறுநாள் காலையில் அளந்தபோது தம்பி ஏறியிருந்தான். கொஞ்சம் இல்லை, நன்றாகவே.

அவள் எர்கஷைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"வந்துட்டானா?" என்றான் அவன்.

அவள் அண்ணனின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குறைந்திருந்தான். தம்பிக்கு ஏறின அதே அளவு அண்ணனுக்கு இறங்கியிருந்தது. இரண்டு புள்ளியும் ஒட்டினாற்போல இருப்பவை. காற்று கலங்கினால் ஒன்றின் ஒளி மற்றதில் வழியும். இது அந்த வழிசல்தான். அவளுக்குத் தெரிந்தது, தெரியாமல் இருக்கக் கூடாதா என்றிருந்தது.

"அனுப்பு," என்றான் எர்கஷ். "நீ பாத்ததத்தான அனுப்பற. பொய்யா எழுதுற?"

"அனுப்பினா வண்டி வரும்."

"வரட்டும். போ. எனக்கு உன் மூஞ்சியப் பாக்க முடியல, ரெண்டு மாசமா."

அவள் சட்டென்று அவனைப் பார்த்தாள். அவன் கவனித்திருப்பான் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அன்று பகல் முழுக்க அவள் அந்தப் படங்களை அனுப்பவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து சரோஸுக்கு ஒரு காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மறுபடி வானம் தெளிந்தது, காற்றும் அடங்கியது. புதுப் படங்களில் தம்பி பழைய அளவில்தான் இருந்தான். அவள் இரண்டு இரவின் அளவையும் சேர்த்து அனுப்பினாள். முதலாவதற்குப் பக்கத்தில், காற்று கலங்கல், ஒளி வழிந்தது, எடுக்க வேண்டாம் என்று எழுதினாள்.

ஜனவரி முடியும் வரை தம்பி அசையவில்லை. பிப்ரவரி முதல் வாரமும் அப்படியே போனது.

தோம்லா கூப்பிட்டார். வெகுநேரம் இருமினார்.

"மூணு மாசம் இல்லம்மா," என்றார்.

"இல்ல போலத்தான் இருக்கு தோம்லா."

"போல என்ன. இல்லவே இல்ல. இவ்வளவு பெரிய ஏத்தம் தம்பிகிட்ட மறைஞ்சிருக்க முடியாது. நான் இத்தனை வருஷமா தப்பா சொல்லிட்டிருந்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா மூணு இல்லேன்னா ஏழுன்னு ஆயிடாது. அது மே மாசம் வந்து நின்னாத்தான் ஏழு. நீ பாத்தது ஒண்ணுமில்லாதது. அதுக்குள்ள எல்லாம் இருக்கு. மீதிய யாராவது பாக்கணும்."

"வண்டி?"

"சொன்னபடி வரும். அடுத்த வாரம் நோர்குல் வருவான். நீ இறங்கிக்கோ. உன்னை நான் கட்டிப்போட மாட்டேன்."

பள்ளி வேலை ஜனவரி முடிந்ததுமே வேறொரு பெண்ணுக்குப் போயிருந்தது. அதை அவள் எர்கஷிடம் சொல்லவில்லை.

நோர்குலின் பனி வண்டி ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. சங்கிலிச் சக்கரத்தில் பனியை உழுதுகொண்டு, புகையைக் கக்கியபடி முற்றத்தில் நின்றது. அவன் மீசையெல்லாம் பனி படிந்து வெள்ளை. மாவையும் டீசலையும் இறக்கிவிட்டு, "ரெடியா அக்கா? வெளிச்சம் இருக்கறப்பவே இறங்கிடணும். ரெண்டாவது வளைவுல பனி தொங்கிட்டு இருக்கு" என்றான்.

அவள் பையைக் கட்டி வைத்திருந்தாள். கோட்டைப் போட்டு, தலைத்துணியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எர்கஷ் பையைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

"நான் கத்துக்கறேன்," என்றான். "எப்படிக் குறி வைக்கணும், எத்தனை படம் எடுக்கணும்னு எழுதிக் குடு. பொத்தானத்தான அமுக்கணும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "போன வருஷம் அந்தக் கேமராவுல துணி காயப் போட்டீங்க."

"அது சூடா இருந்துச்சு."

நோர்குல் எஞ்சினை உறுமவிட்டான். அவள் ஏறவில்லை. கைப்பிடியில் கை வைத்தபடியே நின்றாள். கீழே போனால் நேராக ஸலோமத் வீட்டு வாசல். கதவைத் திறப்பது சரோஸ். உள்ளே திரும்பி அவள் யாரையாவது கூப்பிடுவாள். அந்தக் கூப்பாட்டை நேருக்கு நேர் கேட்க வேண்டியிருக்கும். வேலையும் இல்லாமல், மெத்தையும் தொட்டிலும் அடுக்கியிருக்கிற இன்னொருத்தியின் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

பையைத் திறந்து காலுறையை எடுத்தாள். "இத சரோஸ்கிட்ட குடுத்துடு நோர்குல். நான் வரல."

"அக்கா, இனி ஏப்ரல்ல தான் பாதை."

"தெரியும். தோம்லாவுக்கு வேற ஆளில்ல."

வண்டி வளைவில் மறையும்வரை நின்றாள். எர்கஷ் பையை மறுபடி உள்ளே எடுத்து வந்தான். தேநீர் ஊற்றி அவள் முன் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"தோம்லாவுக்காக இருக்கேன்னு நோர்குல்கிட்ட சொல்லு. குலாம்கிட்ட சொல்லு," என்றான். "என்கிட்ட சொல்லாத."

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். அவன் எழுந்து போகவில்லை.

பிப்ரவரியும் மார்ச்சும் எப்படிப் போயின என்று பிற்பாடு அவளால் சொல்ல முடிந்ததில்லை. ஒரே சுவர், ஒரே அடுப்பு, ஒரே உருளைக்கிழங்கு. குலாம்கூடப் பகடியை நிறுத்திவிட்டார். சில சமயம் படியில் ஏறிக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணை அழுத்தாமல் திரும்பிவிடுவாள். ஒருநாள் எர்கஷ் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி, தன் அக்காவைக் கூப்பிட்டு, "பாதை திறந்ததும் புள்ளையக் கூட்டிட்டு இங்க வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

ஏப்ரல் நடுவில் அவர்கள் வந்தார்கள். ஸலோமத் வசந்தப் பண்டிகையான நவ்ரூஸுக்குக் கிண்டிய கோதுமைக் களியை ஒரு பெரிய ஜாடியில் அடைத்துக்கொண்டு வந்திருந்தாள். சரோஸ் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். காலில் அந்தக் காலுறை இருந்தது, விரல் பக்கம் இறுக்கமாக. மவ்லூதா அளவைத் தப்பாகப் பின்னியிருந்தாள்.

இரண்டு நாள் இருந்தார்கள். அந்த இரண்டு நாளும் சரோஸ் யாரையும் எப்படியும் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று, "கொஞ்சம் தண்ணி" என்றாள். ஸலோமத்திடமும் அப்படியே, மவ்லூதாவிடமும் அப்படியே. பெண் ஒரு வார்த்தையை மிகவும் கவனமாகச் சுற்றி நடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க மவ்லூதாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

இரண்டாம் நாள் சமையலறையில் மாவு பிசையும்போது ஸலோமத் தானாகவே பேச்சை எடுத்தாள்.

"நான் கத்துக் குடுக்கல, மவ்லூதா. போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தப்ப அதுவாக் கூப்பிட்டுச்சு. அப்புறம் நின்னுடும்னு பார்த்தேன், நிக்கல."

மவ்லூதா மாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள்.

"வேணாம்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. இந்த அம்பது வயசுல என்னை அப்படிக் கூப்பிட வேற யாரு இருக்கா?"

"நீங்க சொல்லலேன்னு எனக்குக் கோபம் இல்ல ஓபா."

"கோபம் இல்லாமயா பிப்ரவரில வண்டி வந்தும் ஏறாம நின்ன? நோர்குல் எல்லாம் சொன்னான்." ஸலோமத் கையில் ஒட்டிய மாவைத் தேய்த்து உதிர்த்தாள். "நீ வராம இருந்தா அது முழுசா என்னுதாயிடும். அது எனக்கு நல்லதுதான். ஆனா நீயா குடுத்துட்டுப் போன மாதிரி இருக்கக் கூடாது. அதுக்காகத்தான் இந்த வயசுல இந்த மலையேறி வந்தேன்."

அவர்கள் கிளம்பும்போது சரோஸ் லாரியில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். மவ்லூதா பிடித்துக்கொண்டாள். "ஜூன்ல வருவீங்களா?" என்று பெண் கேட்டாள்.

"வருவேன்."

"நெஜமாவா?"

"தம்பி வந்தாலும் வருவேன், வராட்டியும் வருவேன்."

மே வந்தது. குவேஸர் இப்போது மேற்கே சாய்ந்துவிட்டது. சூரியன் மறைந்து வெளிச்சம் ஒழிவதற்கும் அது மலைமுகட்டில் இறங்குவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அவ்வளவு தாழ்வாகப் பார்க்கக் கூண்டுத் திறப்பின் அடிக்கதவான கீழ்மடலையும் திறக்க வேண்டும். அதன் மோட்டார் குளிரில் செத்துப் போயிருந்தது. எர்கஷ் தினமும் அந்தி நேரத்தில் கையால் சுழற்றித் திறந்தான்.

மே இரண்டாம் வாரத்தில் தம்பி மெல்ல ஏறினான். அவள் அண்ணனை முதலில் பார்த்தாள், அண்ணன் குறையவில்லை. மறுநாள் தம்பி இன்னும் ஏறியிருந்தான். அதற்கடுத்த நாள் மேகம். பிறகு வந்த நான்கு அந்திகளிலும் ஏறிக்கொண்டே போனான், அக்டோபரில் அண்ணன் ஏறிய அதே வேகத்தில், அதே வடிவில். அவள் வரைபடத்தில் அண்ணனின் பழைய ஒளிக்கோட்டை ஏழு மாதம் தள்ளித் தம்பியின்மேல் வைத்துப் பார்த்தாள். சட்டையும் உடம்பும் மாதிரி பொருந்தியது.

குலாம் எட்டிப் பார்த்தார். "எழுந்துட்டானா பய?"

"எழுந்துட்டான்."

"சாப்பிட ஏதாவது செய்யறேன்," என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவருக்கு எதற்கு அழுகை என்று யாருக்கும் புரியவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் வந்தது, ஆனால் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை. நெடுநாள் மூட்டை சுமந்தவன் அதை இறக்கி வைத்தபிறகும் குனிந்தே நிற்பானே, அப்படித்தான் இருந்தாள்.

தோம்லாவிடம் போனில் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். "என் கட்டுரை தப்புன்னு என் கையாலயே எழுதி அனுப்பறேன். நாலு பேர் சிரிக்கட்டும்," என்றார். பிறகு அவருடைய பழைய குரல் வந்தது. "மவ்லூதா, இந்த ஏத்தம் எப்படி இறங்குதுன்னும் பார்த்துட்டா... வர்ற அக்டோபர் மட்டும்..."

"இல்ல தோம்லா."

"நான் முழுசாச் சொல்லவே இல்லையே."

"தெரியும். இல்ல."

காற்று இரைந்தது. "சரிம்மா," என்றார் கடைசியில். "சரி." அவள் கைப்பேசியை அணைத்துவிட்டு அதே படியில் உட்கார்ந்தாள். அந்த மனிதரிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜூனில் இறங்கினாள். எர்கஷ் வரவில்லை. வரமாட்டான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அதைச் சண்டையாக்கவில்லை. மாதம் இரண்டு முறை வந்து போகிறான், டீசல் வாடையோடு. வெளிவந்த கட்டுரையில் மவ்லூதாவின் பெயர் நான்காவதாக இருக்கிறது. தாஷ்கண்டிலிருந்து ஒரு பையன் புதிதாக மலைக்கு வந்திருக்கிறான். கீழ்மடல் திறக்க மாட்டேனென்கிறது என்று அவ்வப்போது அவளைக் கூப்பிடுவான். எர்கஷைக் கேள் என்று வைத்துவிடுவாள். கிதோப்புக்கு வெளியே, மினிபஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் அவளுக்கு இயற்பியல் வேலை கிடைத்தது.

வாடகைக்கு இரண்டு அறை பிடித்தாள். ஸலோமத் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சரோஸ் அத்தை வீட்டிலேயேதான் இருக்கிறாள். மவ்லூதா கேட்கவில்லை, ஸலோமத்தும் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பெண் சாப்பிட வருவாள். பள்ளிக் கணக்குகளைப் போடுவார்கள். இருட்டும் முன்னே கிளம்பிவிடுவாள்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "அங்க விருந்தாளிங்க. இடமில்ல," என்றாள். மவ்லூதா மெத்தையை விரித்தாள். காலையில் பெண் ரொட்டி தின்றுவிட்டு, தலைவாரிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தலையணையை எடுத்துப் போகவில்லை. மவ்லூதா அதைத் தட்டிச் சரிசெய்து, மெத்தையின் மேலேயே வைத்தாள்.